பெயர் சொல்லிக் கிளப்பிய கார்

மாலினியின் அழைப்பு வந்தபோது நான் காருக்குள் இருந்தேன். காலை ஏழே கால். பனி கொட்டி ஓய்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இருக்கை சூடாகும்வரை இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "மாமா, அம்மா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலதான்," என்றாள். அழவில்லை. "நீங்கள்தான் எல்லாருக்கும் சொல்லவேணும்." ஓம் என்றேன். அன்று வேலைக்குப் போகவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடி முழுவதும் ஆவி படியும்வரை அப்படியே இருந்தேன்.

எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவரை அறிந்த உங்கள் முன்னால் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புவனேஸ்வரி என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்கு மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் புவனம் அக்கா. பிராங்பேர்ட்டுக்கு வடக்கே, மலைப்பக்கமாக, ஒரு பழைய விடுதியில் அகதிகளான எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அதை நாங்கள் ஹைம் என்போம். எண்பத்தாறு ஆவணியில் நான் ஒரு பையோடு அங்கே போய் இறங்கினேன். அக்கா எண்பத்து மூன்றின் கடைசியிலேயே வந்தவர், அந்த வீட்டின் மூத்த குடி. மற்றவர்கள் ஊர் எது, எப்படி வந்தாய் என்று விசாரித்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் பிறக்கேக்க எத்தினை றாத்தல்?" என்று கேட்டார். பிறந்தபோது என்ன நிறை என்று எனக்குத் தெரியவில்லை. "தெரியாதெண்டா ஏழெண்டு வைப்பம்," என்று முடிவு செய்து, சோற்றுப் பானை எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் அவர் மருத்துவிச்சி. பிரசவம் பார்ப்பதோடு வேலை முடியாது. பிறந்த பிள்ளையை ஒரு வருஷம்வரை வீடு தேடிப் போய் நிறுத்துப் பார்த்து எழுத வேண்டும். கணவரை இழந்த பிறகு, நான்கு வயது மகள் மாலினியைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்தார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே சலவை வேலைக்கு நடுவே அவர் பார்த்துக்கொண்ட ஒரு கிழவர் இறந்தபோது, கிழவரின் மகள் தகப்பனுடைய காரைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பாசி நிறத்தில் ஒரு பழைய டீசல் கார். ஹைமில் இருந்த ஆண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சாவி மட்டும் அக்காவின் கழுத்தில், நூலில் தொங்கியது. அவருடைய தகப்பன் ஊரில் வாடகைக் கார் ஓடியவர். பதினெட்டு வயதிலேயே அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்தில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில் ஆறு வருஷம் நின்றவன். பெட்டியைக் கண்ட மாத்திரத்தில் எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று சொல்லுவேன். அதனால் கார்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன், ஹைம் முழுவதையும் நினைக்கவும் வைத்திருந்தேன். உண்மையில் ஒரு காரைக்கூட நான் கழற்றிப் பூட்டியதில்லை. அக்கா இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "நீர் கடைக்காரன். நான் டிரைவர்," என்பார். அதை வைத்து எங்களுக்குள் ஓயாத சண்டை.

டீசல் காரைக் குளிரில் எடுத்த எடுப்பில் கிளப்ப முடியாது. சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினுக்குள் இருக்கும் கம்பிகள் சூடாகும்வரை பொறுக்க வேண்டும். சூடானதும் முன்னால் இருக்கும் சிறிய விளக்கு அணைந்து தெரிவிக்கும். பிறகு முழுதாகத் திருப்பலாம். அக்காவின் காரில் அந்த விளக்கு எப்போதோ செத்துவிட்டது. அதனால் அவர் எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று அல்ல. தான் பிரசவம் பார்த்து எடுத்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி எண்ணுவார்.

"கௌரி. யோகன். சாந்தினி. கடைக்காரற்ற மூத்தவன். ஜெசிந்தா. ரமணன், ரமணி, அது ரெண்டும் இரட்டை..." என்று போகும் அந்த வரிசை. மெல்லிய குளிருக்குப் பத்துப் பெயர் காணும். தண்ணீர் உறைகிற நாளுக்கு இருபது. வரிசை முப்பதில் முடியும். முதல் தடவை பக்கத்தில் இருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எண்களுக்கு என்ன குறை என்று கேட்டேன். "எண்ணைச் சொன்னா அவசரம் வரும். பேரைச் சொன்னா முகம் வரும், அவசரம் வராது," என்றார். வேறொரு நாள், மாலினியின் பெயர் ஏன் வரிசையில் இல்லை என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவள் நான் எடுத்த பிள்ளை இல்லை, நான் பெத்த பிள்ளை. அவளின்ர பேரைச் சொன்னா எனக்குக் கார் ஓட ஏலாது," என்றார். அதற்குப் பிறகு நான் அந்த வரிசையைப் பற்றிக் கேலி பேசியதில்லை.

எண்பத்தேழு தை மாதத்தில் என் அகதி வழக்கின் விசாரணைக்குத் திகதி வந்தது. பிராங்பேர்ட் பக்கம் இருந்த அலுவலகத்தில் காலை ஒன்பதரைக்கு டெர்மின், அதாவது அவர்கள் குறித்துத் தந்த நேரம். தகுந்த காரணம் இல்லாமல் வராவிட்டால் வழக்கைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று கடிதத்தின் கடைசிப் பந்தியில் இருந்தது. அந்தப் பந்தியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கிழமை குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையையும் தாண்டிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் பஸ் இரண்டு நாளாக ஓடவில்லை. நான் அக்காவின் அறைக் கதவைத் தட்டினேன்.

அந்த நாளில் இருந்த சட்டத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு நாங்கள் வெளியே போகக் கூடாது. போவதென்றால் எழுதிய அனுமதி வேண்டும். எனக்கு விசாரணைக் கடிதமே அனுமதி. அக்காவின் வழக்கும் முடிந்திருக்கவில்லை. அவருக்கு அனுமதி எடுக்க ஒரு கிழமையாவது செல்லும். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள். இது இரண்டு பேருக்கும் தெரியும். மகளைக் கூப்பிடுவதற்காகத்தான் அவர் அந்த நாட்டில் ஒரு பிழையும் விடாமல் நடந்துகொள்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். "உம்மட சப்பாத்தைத் துடைச்சு வையும். ஆறு மணிக்கு வெளிக்கிடுவம்," என்றார்.

ஆறு மணிக்கு முற்றத்தில் நின்ற கார் வெள்ளையாக இருந்தது. நெருப்புக்குச்சியால் சாவியைச் சூடாக்கிக் கதவைத் திறந்தோம். அக்கா உள்ளே ஏறி, சாவியைப் பாதி திருப்பி, முப்பது பெயரையும் சொன்னார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி முப்பது பெயர். மறுபடியும் பிடிக்கவில்லை. "பற்றறி போட்டுது அக்கா," என்றேன், கடைக்காரன் குரலில். "பற்றறி போனா சுத்துமோ? பேசாமல் இரும்," என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. முன் கண்ணாடியில் விரல் தடிப்புக்குப் பனிக்கட்டி. மேலே சமையலறைக்கு ஓடி, தேநீருக்குக் கொதித்த தண்ணீரைக் கேத்தலோடு கொண்டுவந்து கண்ணாடியில் ஊற்றினேன். வெந்நீர் பட்டால் பனி போகும், இதற்கு என்ன படிப்பு வேண்டும்? பனி போனது. கூடவே ஒரு சத்தமும் கேட்டது. இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலைவரை கண்ணாடியில் ஒரு கோடு ஓடியது. நான் கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். அக்கா உள்ளே இருந்து அந்தக் கோட்டின் வழியாக என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். "ஒரு கோடுதானே. றோட்டுத் தெரியுது," என்றார்.

பிறகு அவர் இறங்கிச் சமையலறைக்குப் போனார். கை விறைத்துப்போய்விட்டது, சூடு காட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். ஜன்னல் ஓரமாக இருந்த அது சுண்ணாம்பாய் இறுகிப்போயிருந்தது. போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளியும் விழவில்லை. "தேங்காயெண்ணெய் உறையுமெண்டா டீசல் ஏன் உறையாது? அதுவும் எண்ணெய்தானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் டீசல் உறைந்துவிட்டது என்று வந்து நின்றதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் அது எப்படி உறையும்? "இஞ்ச வெயிலோ அடிக்குது?" என்று கேட்டார் அக்கா. "டீசல் எதுக்குள்ளால வடிஞ்சு வரும்? அதைக் காட்டும்."

அதை மட்டும் நான் சரியாகக் காட்டினேன். டீசல் பில்டரைக் கடையில் நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன். அக்கா தன் பழைய நூல் சேலையொன்றைக் கிழித்தார். ஹைமில் இருந்த எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நான்கு அடுப்பிலும் சோற்றுப் பானை, பருப்புச் சட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் கொதித்தது. படிக்கட்டில் பானைகள் கைமாறி இறங்கின. அக்கா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பில்டரைச் சுற்றி வைத்து, அது ஆறும் முன் அடுத்ததை வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தடம் கொடுக்கிற அதே பக்குவம். நோகுமோ என்று பார்ப்பவர்போல இடையிடையே புறங்கையால் தொட்டும் பார்த்தார். "எஞ்சினுக்கு நோகாது அக்கா," என்றேன். "உமக்கென்ன தெரியும்?" என்றார்.

ஏழரை மணிக்கு மறுபடி உள்ளே ஏறினார். கௌரி, யோகன், சாந்தினி. படிக்கட்டில் நின்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். முப்பதாவது பெயரைச் சொல்லிச் சாவியைத் திருப்பியபோது கார் இருமியது, உலுக்கியது, வெள்ளைப் புகையைக் கக்கியபடி பிடித்துக்கொண்டது. ஒருவரும் கைதட்டவில்லை. நின்றுவிடுமோ என்ற பயம். ஓடிப்போய் ஏறினேன்.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி நகரத்துக்குள் போகும் வழியில் பொலிஸ் மறித்தது. காரணம் கண்ணாடியில் இருந்த கோடு. நான் உடைத்த கோடு. இளம் பொலிஸ்காரர் ஒருவர் வந்து குனிந்து, முதலில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அக்கா "நைன்", முடியாது, என்றார். பொலிஸ்காரர் இன்னொரு தடவை சொன்னார். அக்கா மறுபடியும் "நைன்" என்று சொல்லி, என்னைச் சுட்டிக்காட்டி, தன் உடைந்த ஜெர்மனில் விளக்கினார். இவருக்கு ஒன்பதரைக்கு டெர்மின். நிறுத்தினால் கார் திரும்பக் கிளம்பாது. என்னை எழுதுங்கள், இவரை விடுங்கள். பிறகு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். எந்த மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

ஐந்து மாதமாகப் புத்தகமும் கையுமாக இருந்ததில் எனக்கு அக்காவைவிட நன்றாக ஜெர்மன் வரும். இவரை வரச் சொன்னவன் நான், கண்ணாடியை உடைத்தவனும் நான் என்று சொல்ல இரண்டு வசனம் போதும். சொல்லவில்லை. பொலிஸோடு வாய் கொடுத்தால் என் வழக்குக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் துடைத்துவைத்த என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவருடைய வேலை. எழுதி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். "நல்ல பெடியன்," என்றார் அக்கா, வண்டியை எடுத்துக்கொண்டே. "குளிருக்க விறைச்சுப் போய் நிக்கிறான்."

பத்து நிமிஷம் பிந்திப் போனேன். ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை முடிந்து நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே வந்தபோது கார் அதே இடத்தில், எஞ்சின் ஓடியபடி நின்றது. அக்கா கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார். ஊரையே புகையாக்குகிறாய் என்று இரண்டு கிழவிகள் கண்ணாடியைத் தட்டி ஏசிவிட்டுப் போனார்களாம். விசாரணையில் என்ன கேட்டார்கள் என்று அக்கா கேட்கவில்லை. "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. எல்லை தாண்டியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் எழுதித் தரச்சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். என் டெர்மினுக்காகத்தான் வந்தார் என்று எழுதத் தொடங்கினேன். அக்கா பேனையைப் பிடித்துக்கொண்டார். "உம்மட பேர் அதில வரக்கூடாது. உம்மட முடிவு இன்னும் வரேல்லை." அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டேன். "வழி தவறிப் போனன் எண்டு எழுதும். பொம்பிளை டிரைவர்தானே, நம்புவினம்." அப்படியே எழுதினேன். அவருடைய கோப்பில் எச்சரிக்கை என்று ஒரு குறிப்பு ஏறியது.

என் வழக்கு அந்த வருஷமே வென்றது. அக்காவுடையது இழுபட்டு இழுபட்டு எண்பத்தொன்பதில்தான் முடிந்தது. மாலினி வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்து வயது. தாயைப் பார்த்து "நீங்களோ?" என்று கேட்டாள். அந்தக் குறிப்பால்தான் இத்தனை தாமதமா என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. தெரியாது என்பதையே ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் காலத்தைக் கடத்திவிட்டேன்.

என் வழக்கு வென்ற வருஷக் கடைசியில், வேறு யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு காலையில் அக்காவோடு காரில் ஏறினேன். நல்ல குளிர். வரிசை முப்பதைத் தாண்டியது. "...நிமலன், வசந்தி, ரஞ்சன்." அப்படி ஒரு பெயர் வரிசையில் இருந்ததில்லையே என்று பார்த்தேன். "ஆரக்கா அது?" என்றேன். "நீர்தான். உம்மையும் நான்தானே வெளியில எடுத்தனான். ஏழு றாத்தல்," என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். என் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். அழுதேன் என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

தகனம் முடிந்த அன்று மாலினியைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கதை அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவாம். பொலிஸ் மறித்தது தெரியாது, கடிதமும் தெரியாது. கடைசிவரை கேட்டாள். பிறகு, "மாமா, கடைசி மாதங்களில அம்மாவுக்கு ஒருத்தரையும் தெரியேல்லை. என்னையும்தான். ஆனா காலமையில பேர் பேராச் சொல்லுவா. உங்கட பேரோட முடிப்பா. முடிச்சுப்போட்டு வலக்கையை இப்பிடித் திருப்புவா," என்று காற்றில் கையைத் திருப்பிக் காட்டினாள். "அது என்னெண்டு எங்களுக்கு விளங்கேல்லை. கை நோகுதாக்குமெண்டு நேர்ஸ்மார் எண்ணெய் பூசி விட்டவை."

அது என்ன என்று அவளுக்குச் சொன்னேன். அவளுடைய பெயர் அந்த வரிசையில் ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். அப்போதுதான் மாலினி அழுதாள்.

அன்று அந்தக் கடிதத்தில் வராத பெயரை இங்கே எழுதுகிறேன். புவனம் அக்கா வழி தவறிப் போகவில்லை. அவரை எல்லை தாண்டக் கேட்டவன் ரஞ்சன். கண்ணாடியை உடைத்தவன் ரஞ்சன். பொலிஸ்காரர் எழுதும்போது பேசாமல் இருந்தவனும் அவன்தான்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கார் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. அந்தப் பெயர்கள் மட்டும் இருக்கின்றன, வரிசை பிசகாமல். என் இப்போதைய கார் ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும், எந்தக் குளிருக்கும் யாருடைய பெயரும் அதற்குத் தேவையில்லை. ஆனாலும் இந்தக் குளிர்காலம் முழுவதும் கௌரியில் தொடங்கி என் பெயர்வரை சொல்லி, அதற்குப் பிறகு புவனம் என்று இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். வேலைக்கு ஒரு நிமிஷம் பிந்துகிறது.